மத்தாப்புக்காரியின் கன்னம்

எங்கள் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது வரலாற்றைப் பற்றி அல்ல, "பேன் ஓடுமா?" என்றுதான். சிவகாசி வெயிலுக்கு அது நியாயமான கேள்வி. ஓடும் என்று தெரிந்தால் டிக்கெட் எடுப்பார்கள். பிறகு பேனுக்கு நேர் கீழே இருக்கிற பொருளை மட்டும் வெகு நேரம் ஆராய்வார்கள். அந்த அதிர்ஷ்டத்தால் எங்கள் சேகரிப்பிலேயே அதிகம் ஆராயப்பட்ட பொருள் ஓர் உடைந்த தராசு.

இது அரசாங்கத்தின் அருங்காட்சியகம் இல்லை. அச்சாபீஸ்காரர்களும் வெடிக் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்து, ஏதோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன சரக்குக் கிட்டங்கியில் ஆரம்பித்தது. கீழே அருங்காட்சியகம், மாடியில் கலைக்கூடம். கீழே இருப்பவை காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம், தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள், இப்படி ஊர்த் தொழிலின் மிச்சங்கள். ஒருமுறை எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மரச்சட்டத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதைப் பாக்கவா டிக்கெட்டு? எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே காட்டுறோம்" என்றாள் ஒருத்தி.

தொழிலோடு ஒட்டாத பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஒரு முதுமக்கள் தாழி. காரியாபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டார் கிணறு தோண்டியபோது கிடைத்தது. கொடுத்தார்களே தவிர மனசு விடவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வருவதுபோல அவ்வப்போது வந்து, தாழி சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். தாழிக்குள் யாரோ காலி முறுக்குப் பாக்கெட்டைப் போட்டிருந்தது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. தாழியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மாடியில் கலைக்கூடம். காலண்டர்களுக்கும் பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கும் ஓவியர்கள் கையால் வரைந்த மூலப்படங்கள் அங்கே மாட்டியிருக்கும். படம் அச்சுக்குப் போய் வந்துவிட்டால் மூலப்படத்தை எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கிட்டங்கி மூலையில் கிடக்கும், இல்லாவிட்டால் ஓட்டை அடைக்க உதவும். அப்படிக் கிடந்தவற்றைத்தான் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். சாமி படங்கள் அதிகம் என்பதால் வருகிறவர்கள் படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள், சட்டத்தில் சந்தனம் வைப்பார்கள். "படங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள்" என்று ஒரு போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டுக்கும் யாரோ சந்தனம் வைத்துவிட்டார்கள்.

மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிற ஊர் இது. வெயில் அடித்தால்தான் வெடிமருந்து காயும், அட்டை காயும், மை காயும். அப்படியும் எப்போதாவது பெய்கிற மழைக்கு எங்கள் கூரை மட்டும் ஒழுகும். சுவரில் ஈரம் இறங்கி, படங்கள் உப்பி, கடைசியில் மாடியைப் பூட்டினார்கள். பிறகு கீழேயும் பூட்டினார்கள். தாழி வீட்டார் மட்டும் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பல வருஷம் கழித்து, சமீபத்தில்தான் டிரஸ்டுக்கு அதை மறுபடி திறக்கிற ரோஷம் வந்தது. புதிய தலைவர் பொறுப்பேற்றார். சிவகாசியில் அச்சாபீஸ் நடத்தி, மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். அவருடைய ஆபீசில்தான் என் அப்பா கடைசிவரை ஓவியராக இருந்தார். அந்த உரிமையில் என்னைக் கூப்பிட்டு, "நீ எழுதுற பிள்ளை. ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்துல வைக்கிற போர்டை நீயே எழுதிரு" என்றார். ஐம்பதைத் தாண்டியவளைப் பிள்ளை என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது இரண்டு பேர். ஒருவர் அவர், இன்னொருவர் அம்மா. சரி என்று சொல்லிவிட்டேன்.

அனுமதிக் காகிதங்களுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அவரோடு பஸ்ஸில் போய் வந்ததை மறக்க முடியாது. வழியெல்லாம் கடை போர்டு, கட்சி போஸ்டர், பஸ்ஸின் பின்புறம் என்று எதையும் விடமாட்டார். "இதுல சிவப்பு கூடிப்போச்சு", "இவன் கறுப்பை ஒளுங்கா ஓட்டலை" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வருவார். திரும்பி வரும்போது அடிவானத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கலைக்கூடத்தில் ஒரு படம் உண்டு. தாவணி போட்ட ஒரு பெண் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிளுக்காக அப்பா வரைந்தது. வீட்டில் அவளுக்கு மத்தாப்புக்காரி என்று பெயர். கல்யாணமான புதிதில் அப்பா, "அடுத்த லேபிள்ல உன் முகந்தான்" என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாராம். அம்மா அப்போது எம். புதுப்பட்டி வெடி ஆபீசில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். லேபிள் கட்டு வந்து இறங்கியது. எல்லோரும் சுற்றி நின்று பிரித்தார்கள். உள்ளே ரோஜாப்பூ நிறத்தில், கிளி மூக்கோடு, எந்த ஊர்க்காரி என்றே சொல்ல முடியாத ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா நல்ல கறுப்பு. மூக்கும் கொஞ்சம் பரந்தது.

சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. அப்பா அசரவில்லை. "நான் உன்னைத்தான் வரைஞ்சேன். அச்சுல மாறிப்போச்சு" என்றார்.

நானும் தம்பியும் இந்தக் கதையை வைத்தே வளர்ந்தோம். லேபிளை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "எங்கயாவது ஒட்டுதா பாரு" என்று தம்பி கேட்பான். "ஏலே, ஒரிசினல்ல நாந்தாம்லே. அங்கன போயிப் பாரு" என்பாள் அம்மா. போய்ப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. படத்தைப் படிக்கட்டுத் திருப்பத்தில் உச்சியில் மாட்டியிருந்தார்கள். தெருப் புகையும் வார்னிஷும் சேர்ந்து அது புளிக்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. மத்தாப்பு ஒளி மட்டும் மங்கலாகத் தெரியும். எங்கள் வீட்டில் ரசம் புளித்தால், மார்க் குறைந்தால், எல்லாவற்றுக்கும் "அச்சுல மாறிப்போச்சு" என்பது பதிலாகிவிட்டது. அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். அப்பா போன பிறகு நாங்களும் அதைச் சொல்வதை விட்டுவிட்டோம்.

படங்களைச் சரிசெய்யச் சென்னையிலிருந்து ஒரு பெண் நிபுணர் வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி. ஏதோ மருந்தில் பஞ்சுக் குச்சியை நனைத்து, காது குடைவதுபோல் படத்தைத் துடைப்பார். துடைத்த குச்சியைப் பார்ப்பார். அடுத்த குச்சி. தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஏம்மா, பல்லு வெளக்குற பிரஷ்ஷு ஒண்ணு வாங்கித் தரட்டா? வேகமா முடிஞ்சிருமே" என்று ஒருநாள் கேட்டார். அந்தப் பெண் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. காலண்டர் மூலப்படங்களில் கீழே ஒரு பட்டை வெறுமையாக விட்டிருப்பார்கள். காலண்டர் வாங்கும் கடையின் பெயர் அச்சாக வேண்டிய இடம் அது. தலைவரின் வாழ்நாளில் அந்த இடம் காலியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. கண்ணை உறுத்தியிருக்கிறது. நிபுணர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன நேரமாகப் பார்த்து, போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்துவிட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வெண்ணெய் தின்னும் கிருஷ்ணனின் காலடியில் "உபயம்" என்று தொடங்கி, கூரைக்குத் தகரம் கொடுத்த ஹார்டுவேர் கடையின் பெயர், "எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை" என்பதுவரை இரண்டு கலரில் பளபளத்தது.

நிபுணர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எடம் வெட்டியாத்தானம்மா கெடந்துச்சு" என்றார் தலைவர், உண்மையிலேயே புரியாமல். நான் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் சமாதானம் சொன்னேன். அந்த எழுத்தைத் துடைத்து எடுக்க நிபுணருக்கு அந்த வாரம் முழுவதும் போனது. கிருஷ்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர்தான் தகரத்தைத் திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு மத்தாப்புக்காரியை இறக்கினார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். தாவணி வந்தது, கை வந்தது, மத்தாப்பின் பொறிகள் ஒவ்வொன்றாக வந்தன. முகத்தில் பஞ்சு நகர நகர நான் இன்னும் கிட்டே குனிந்தேன். கறுத்த முகம். பரந்த மூக்கு. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த உதடு. என் அம்மா, எனக்குத் தெரியாத வயதில். தம்பிக்குப் போன் செய்து, "லேய், அம்மா சொன்னது நெசம்லே" என்றேன்.

ஆனால் தலைவருக்குத் திருப்தியில்லை. வீட்டிலிருந்து பழைய லேபிள் ஒன்றைத் தேடி எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். என் தம்பி செய்ததையே அவரும் செய்தார். "மேட்ச் ஆகலையே" என்றார்.

அச்சுத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் கொடுக்கிறவர் பெயர் பார்ட்டி. மாதிரித் தாளைப் பார்த்து பார்ட்டி கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் சரி. பிறகு எது அதோடு ஒத்துப்போகவில்லையோ அது தப்பு. தலைவரைப் பொறுத்தவரை பார்ட்டி ஒப்புக்கொண்டது லேபிளில் உள்ள முகம். எனவே மூலப்படம் தப்பு. லேபிளைப் பார்த்து மூலப்படத்தைத் திருத்தச் சொல்கிற அருங்காட்சியகத் தலைவர் வேறு எந்த ஊரிலும் கிடைக்கமாட்டார். போதாக்குறைக்குத் திறப்புவிழா அழைப்பிதழ் அந்த லேபிள் முகத்தோடு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணம் நிச்சயமாகிறதோ இல்லையோ, பத்திரிகை தயாராக இருக்கும்.

நிபுணர் ஊதா வெளிச்சம் தரும் ஒரு விளக்கைக் கொண்டுவந்து முகத்தின்மேல் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த முகம் பிறகு வரைந்தது. படம் முடிந்து, வார்னிஷ் அடித்து, அதற்கும் மேலே போட்டிருக்கிறார்கள். அடியில் இன்னொரு முகம் இருக்கிறது. லேபிளில் இருப்பது அதுதான். மேலே உள்ளதை எடுத்துவிட்டால் அது அப்படியே கிடைக்கும்" என்றார். அந்த மேல் முகம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா முதலில் வரைந்தது ரோஜாப்பூக்காரியைத்தான். அச்சில் எதுவும் மாறவில்லை. கலைக்கூடம் ஆரம்பித்தபோது, பழைய படங்களையெல்லாம் தொட்டுச் சீராக்கித் தரும் வேலையை டிரஸ்டில் அப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சாக்கில் அம்மாவின் முகத்தை மேலே போட்டு, அவளைக் கூட்டிவந்து காட்டி, வீட்டு விசாரணையை முடித்திருக்கிறார். எங்கள் கலைக்கூடத்தின் முதல் புதுப்பிப்பு வேலை என் அப்பா செய்த திருட்டுத்தனம்.

சிரிக்க வேண்டிய விஷயம். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. முகத்தை எடுத்துவிட்டால் அம்மாவுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. ஏன் எடுத்தீர்கள் என்று அவள் கேட்டால், அப்பா சொன்னது பொய் என்று நான் சொல்ல வேண்டும். போன மனிதரோடு அவள் சண்டை போடவும் முடியாது. தலைவரிடம் பேசலாம் என்று போனேன். அவரோ நிபுணர் சொன்னதைக் கேட்டு உற்சாகத்தில் இருந்தார். "பாத்தியா, உள்ள ஒளுங்காத்தான் இருந்திருக்கு. நாளைக்கே எடுத்துரச் சொல்லிட்டேன்" என்றார். அவரிடம் உண்மையைச் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

தம்பி எனக்கு முன்னாலேயே அம்மாவுக்குப் போன் செய்து, முகம் வெளியே வந்ததைச் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு வேண்டாம்மா, வேலை நடக்கு" என்றேன்.

"ஏட்டி, என் மூஞ்சியப் பாக்க எனக்கு நேரங்காலம் பாக்கணுமா? ஆட்டோவக் கூப்பிடு."

கலைக்கூடத்தில் தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்கம்மா, சௌக்கியமா இருக்கீகளா? காப்பி சாப்பிட்டீகளா?" படத்தை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். நிபுணர் பஞ்சுக் குச்சியும் கையுமாகத் தயாராக இருந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

நான் தடுப்பதற்குள் தலைவர் ஆரம்பித்துவிட்டார். "இது பின்னால மேல போட்ட மூஞ்சியாம்மா. பார்ட்டி ஓகே பண்ணுன மூஞ்சி அடியில இருக்கு. அதான் இதை எடுத்துரலாம்னு..." சொல்லிக்கொண்டே அம்மாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கலங்கவில்லை.

"தெரியும் மொதலாளி" என்றாள்.

பிறகு நிபுணரிடம் திரும்பி, படத்தின் கன்னத்தைக் காட்டினாள். அங்கே சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. "இது என்னன்னு நெனைச்சீக?"

"சேதம்மா. அடைக்க வேண்டியது" என்றார் அந்தப் பெண்.

"என் விரலு. மொத தெறப்பு விழா அன்னிக்கு இதை மேல மாட்டுறதுக்கு முன்னாடி உங்கப்பா என்னையக் கூட்டியாந்து காட்டினாக" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "பாரு, ஒரிசினல்ல நீதான்னாக. ஆசையில கன்னத்தைத் தொட்டேன். கலர் விரல்ல ஒட்டிக்கிருச்சு. லேபிளு அடிச்சு, நானே பொட்டியில ஒட்டி, தீவாளியும் போயாச்சு. இன்னும் காயாம இருக்குமா? முந்தானையில தொடைச்சுட்டுப் பேசாம வந்துட்டேன்."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது. "இப்பத்தான் ஞாபகம் வருது, மொத மொத பென்சில்ல போட்டுக் கொண்டாந்தது உங்க மூஞ்சியத்தான்மா" என்றார் மெதுவாக. "அப்ப நான் சின்னப் பையன். நாந்தான் பார்ட்டிகிட்ட எடுத்துட்டுப் போனேன். கறுப்பா இருக்கு, செவப்பா வேற மூஞ்சி போடுன்னுட்டாக. ஆர்ட்டிஸ்ட் முடியாதுன்னு ரெண்டு நாளா வேலைக்கு வரலை. நீங்க வேலைக்குப் போயிருந்த நேரத்துல எங்கப்பா உங்க வீட்டுக்குப் போயிச் சத்தம் போட்டுக் கூட்டியாந்தாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"

அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்தேன்.

தலைவர் லேபிளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இந்தப் படத்துக்கு இவகதான் பார்ட்டி" என்று நிபுணரிடம் சொன்னார். "ஓகே ஆயிருச்சு. ஒண்ணுத்தையும் தொடாதம்மா. அந்தப் பள்ளத்தையும் அடைக்க வேண்டாம். பத்திரிகைய நான் வேற அடிச்சுக்கிடுறேன்." நிபுணர் பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேரும் ஒத்துப்போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவிடம் கேட்டேன், "தெரிஞ்சும் அப்பாகிட்ட ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை?"

"எதுக்குக் கேக்க? எனக்காக ஒரு மனுசன் அம்புட்டு மெனக்கெட்டுப் பொய் சொல்லியிருக்காக. அதைப் போயி பொய்யின்னு சொல்ல மனசு வருமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். பட்டுச்சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பொய்யச் சொல்ல வாய் வந்துச்சு. எனக்காக வேலைக்குப் போகாம கெடந்த அந்த நெசத்தை எங்கிட்டச் சொல்லாமயே போயிட்டாகளேட்டி" என்றாள்.